பெட்ரா போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜோர்டானின் தெற்கே, ஷரா மலைச்சரிவில் மணற்கல்லைக் குடைந்து, பண்டைய அரபுக் குடியினரான நபாத்தியர் உருவாக்கிய தலைநகரம் பெட்ரா. அதன் படம் என்று எங்கும் சுற்றுவது ஒரே ஒரு முகப்புதான்: அங்குள்ளவர்கள் கஸ்னா என்று சொல்லும் கருவூலம். அங்கே போய் ஏமாறுகிறவர்களின் தவறு பெரும்பாலும் அந்தப் படத்திலிருந்தே தொடங்குகிறது. கஸ்னாவைப் பார்த்தால் பெட்ராவைப் பார்த்தாயிற்று என்று அரை நாள் ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். ஆனால் தொல்லியல் பூங்காவின் பரப்பு 264 சதுர கிலோமீட்டர். கல்லறைகள், அரங்கு, கடைத்தெரு, கோயில்கள், தேவாலயம், மலையுச்சிப் பலிமேடை என்று ஒரு முழு நகரம் அங்கே கிடக்கிறது. அதைச் சுற்றி இன்றும் மக்கள் வாழும் ஊர்கள் இருக்கின்றன. நகரத்துக்குப் போவதுபோல் திட்டமிட்டால்தான் பெட்ரா பிடிபடும்.

ஒரே நாளில் முடிக்க நினைப்பது

தூரங்களை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நுழைவாயிலிலிருந்து சிக் எனப்படும் குறுகிய பாறைப்பிளவின் வாய் வரை முக்கால் கிலோமீட்டருக்கு மேல். சிக்கின் நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். அதன் முடிவில் கஸ்னா. அங்கிருந்து அரங்கு, அரச கல்லறைகள், தூண் வரிசைத் தெரு என்று பள்ளத்தாக்கில் இறங்கி, கஸ்ர் அல்-பின்த் கோயிலை அடையும்போது நுழைவாயிலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆகியிருக்கும். அதன் பிறகுதான் அத்-தைர் எனப்படும் ‘மடாலயத்துக்கு’ 800-க்கும் மேற்பட்ட படிகள். வந்த வழியே திரும்பவும் வேண்டும். போகும்போது இறக்கமாக இருந்தது வரும்போது ஏற்றம். காலையில் உற்சாகமாக இறங்கி, மாலையில் முழங்கால் வலியோடு சிக்கில் ஏறுகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம்.

அம்மானிலிருந்து பேருந்தில் காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் திட்டத்தில் இதெல்லாம் அடங்காது. பாலைவன நெடுஞ்சாலையில் வந்தாலும் ஒரு வழிக்கு 3 மணி நேரம், சுமார் 235 கிலோமீட்டர். பள்ளத்தாக்கில் மிஞ்சுவது 5, 6 மணி நேரம்தான். அகபாவிலிருந்து வந்தால் 2 மணி நேரம் என்பதால் கொஞ்சம் தேவலாம். எப்படியானாலும் வாசலை ஒட்டிய வாதி மூசா ஊரில் 2 இரவு தங்குவதே சரி.

இரண்டு நாள் கிடைத்தால் வெளிச்சத்தை வைத்து நாளைப் பிரியுங்கள். கஸ்னா கிழக்கு நோக்கியது. காலை 9-க்கும் 11-க்கும் இடையில் வெயில் அதன்மேல் விழும். கூட்டமும் அப்போதுதான் வந்து குவியும். கூட்டமில்லாத கஸ்னா வேண்டுமானால் வாசல் திறக்கும் 6 மணிக்கே உள்ளே போக வேண்டும். நிறம் அப்போது மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் சிக்கில் உங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். எங்களைக் கேட்டால் அந்தக் காலைதான் மேல். அரச கல்லறைகளும் அத்-தைரும் மேற்கு நோக்கியவை, பிற்பகலில்தான் ஒளிரும். ஆகவே முதல் நாள் சிக், கஸ்னா, அதை மேலிருந்து பார்க்கும் அல்-குப்தா ஏற்றம், தெரு, கோயில்கள், பிற்பகலில் அரச கல்லறைகள். இரண்டாம் நாள் காலையில் பலிமேடைக்கு ஏறி, மறுபக்கம் சிங்கச் சிற்பம், தோட்டக் கோயில், வீரர் கல்லறை வழியாக வாதி ஃபராசா பள்ளத்தாக்கில் இறங்கி, பிற்பகலில் அத்-தைர். பலிமேடைக்கு ஏறிய வழியிலேயே இறங்கிவிடுகிறவர்கள் நகரத்தின் மிக அமைதியான பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

பூங்கா குளிர்காலத்தில் 4 மணி வாக்கிலும் கோடையில் 6 மணி வாக்கிலும் மூடும். அந்த நேரத்துக்கு வெளியே வந்திருக்க வேண்டும் என்பதால், அத்-தைரின் படிகளில் கடைசியாகக் கால் வைக்கும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஏற 45 நிமிடம் முதல் 1 மணி நேரம், மேலே அரை மணி, இறங்க அரை மணிக்கு மேல், வாசல் வரை இன்னும் ஒன்றே கால் மணி நேரமாவது.

டிக்கெட் கணக்கு

ஜோர்டானில் இரவு தங்குகிறவர்களுக்கு 1 நாள் 50 தினார், 2 நாள் 55, 3 நாள் 60. ஒரு தினார் சுமார் 1.41 டாலர். இரண்டாம் நாளுக்கு வெறும் 5 தினார் என்ற கணக்கே, அவசரப்படாதே என்று சொல்கிறது. எல்லை தாண்டி வந்து இரவு தங்காமல் போகிறவர்களுக்கு 90 தினார்.

நாட்டில் குறைந்தது 3 இரவு தங்குவதாக இருந்தால், விசாக் கட்டணமும் பெட்ரா டிக்கெட்டும் ஒன்றாகச் சேர்ந்த ஜோர்டான் பாஸ் லாபம். பெட்ரா 2 நாளோடு சேர்ந்த பாஸ் 75 தினார், 1 நாளோடு 70. தனியாக எடுத்தால் விசா 40, டிக்கெட் 55 என்று 95 ஆகும். இதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, நாட்டுக்குள் வந்து இறங்கிய பிறகு வாங்குவது. விசாக் கட்டணச் சலுகை, வருவதற்கு முன்பே இணையத்தில் வாங்கியவர்களுக்குத்தான். இரண்டு, பாஸையே விசா என்று நினைப்பது. அது கட்டணத்தைத்தான் தள்ளுபடி செய்கிறது, விசா பெறும் தகுதியைத் தருவதில்லை. இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே தூதரகத்தில் அப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடக்கும் இரவுப் பெட்ரா தனிக் கட்டணம். பாஸிலும் பகல் டிக்கெட்டிலும் அது சேராது. சிக்கும் கஸ்னா முற்றமும் மட்டுமே காட்டுவார்கள். பகலுக்கு அது மாற்று ஆகாது.

மழையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது

இதுதான் உயிரைக் குடிக்கக்கூடிய தவறு. பாலைவனம் என்றால் வெள்ளம் வராது என்ற எண்ணம் சிக்கைப் பொறுத்தவரை தலைகீழானது. மேலே ஷரா மலையில் பெய்யும் மழை முழுவதும் இறங்கிவரும் இயற்கை வடிகால் அது. வெறும் பாறை நீரை உறிஞ்சாது. மேலே அரை மணி நேரம் கொட்டினால், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே சிக்கில் தண்ணீர் வந்துவிடும். இருபுறமும் செங்குத்துச் சுவர். சில இடங்களில் அகலம் 3 மீட்டர் அளவுக்குக் குறைகிறது. ஏறித் தப்ப வழியில்லை.

நபாத்தியருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சிக்கின் வாயில் அணை கட்டி, 88 மீட்டர் நீளச் சுரங்கம் குடைந்து, வெள்ளத்தை வாதி முத்லிம் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பிவிட்டார்கள். குடிநீருக்குத் தனியாகச் சுவரோரக் கால்வாயும் சுடுமண் குழாயும். சிக்கில் நடக்கும்போது இடுப்பளவு உயரத்தில் அந்தக் கால்வாயைப் பார்க்கலாம். கஸ்னாவைக் காணும் அவசரத்தில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அணை சிதைந்து கிடந்த காலத்தில், 1963 ஏப்ரலில், சிக்கில் புகுந்த வெள்ளம் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகுதான் அணை மீண்டும் கட்டப்பட்டது. அணை இருந்தும் 2018 நவம்பரில் ஆயிரக்கணக்கானோரைப் பெட்ராவிலிருந்து அவசரமாக வெளியேற்ற வேண்டியிருந்தது.

அக்டோபர் முதல் மே வரை கிளம்பும் முன் வானிலை அறிக்கை பாருங்கள். மழைக்கு வாய்ப்பு என்றால் அன்று ஷோபக் கோட்டைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று விடுதியில் கேளுங்கள். உள்ளே இருக்கும்போது காவலர்கள் வெளியேறச் சொன்னால் இன்னும் ஒரு படம் என்று நிற்காதீர்கள். தண்ணீர் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தால் சிக்குக்குள் திரும்பி ஓடக்கூடாது. அரச கல்லறைகளின் மேடைபோல் உயரமான இடத்துக்கு ஏறிக் காத்திருங்கள். கஸ்ர் அல்-பின்த்திலிருந்து உம் சைஹூன் ஊருக்கு ஏறும் பின்சாலை ஒன்று உண்டு. காவலர்கள் அந்த வழியில் அனுப்பினால் அப்படியே போய்விடுங்கள்.

குளிரையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். வாதி மூசா கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைநிலையை நெருங்கும், சில ஆண்டுகளில் பனியும் விழும். கோடையில் அதற்கு எதிர்ப்பிரச்சினை, நிழலே இல்லை. ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்பான அடியுள்ள காலணி. தேய்ந்த மணற்கல் படியில் பொடிமணல் கிடக்கும், வழவழப்பான செருப்பு நிற்காது.

சவாரிகளும் குறுக்கு வழிகளும்

வாசலிலிருந்து சிக் வரை குதிரைச் சவாரி டிக்கெட்டிலேயே சேர்ந்தது. ‘இலவசம்’ என்று ஏற்றிவிட்டு, இறங்கும்போது டிப்ஸ் கேட்பார்கள். ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். நடக்க முடியாத முதியவர்களுக்கு கஸ்னா வரை மின்வண்டி உண்டு. அதற்குத் தனிக் கட்டணம், காலையிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

அத்-தைர் படிகளில் கழுதை ஏறுவதைத் தவிருங்கள். வெயிலில் நாள் முழுவதும் ஆள் சுமந்து ஏறும் விலங்குக்கு அது கொடுமை. லாடம் பட்டுப் படிகள் தேய்கின்றன, குறுகிய திருப்பங்களில் நடக்கிறவர்கள் ஒதுங்கவும் இடமில்லை. முடியாவிட்டால் அத்-தைரை விட்டுவிட்டு அரச கல்லறைகளில் நிதானமாக உட்காருங்கள். அங்கே ஜாடிக் கல்லறை 5-ஆம் நூற்றாண்டில் தேவாலயமாக மாற்றப்பட்டது. உள்ளே போய்க் கூரையின் நிற வரிகளைப் பார்க்க ஒரு மணி நேரம் போதாது.

கஸ்னாவை மேலிருந்து எடுத்த படத்துக்கு ஆசைப்பட்டு, முற்றத்தின் பக்கத்துப் பாறையில் யாரோ ஒருவரோடு காசு கொடுத்து ஏறுவது இன்னொரு தவறு. செங்குத்தான பாறை, கைப்பிடி இல்லை, தவறினால் கீழே கற்தரை. அதே காட்சிக்கு அல்-குப்தா பாதை இருக்கிறது. அரச கல்லறைகளின் கோடியில் தொடங்கும், படிகள் உள்ள பாதை. முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம், கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு தேநீர்க் கூடாரம். ஒரு கோப்பை வாங்குவது மரியாதை.

கல்லைத் தொடுவதும் அதில் சாய்வதும் பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் இது கையால் தேய்த்தாலே பொடி உதிரும் மணற்கல். ட்ரோனை ஊரிலேயே விட்டுவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்திலேயே பிடித்து வைப்பார்கள். ‘பழைய நாணயம்’ என்று விற்பதை வாங்காதீர்கள். போலி என்றால் காசு போயிற்று. அசல் என்றால் நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது குற்றம்.

ஊர்களை வேடிக்கைப் பொருளாக நினைப்பது

உம் சைஹூனில் வாழும் பிதூல் மக்கள் பெட்ராவின் குகைகளில் குடியிருந்தவர்கள். யுனெஸ்கோ பெட்ராவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அதே 1985-இல் அவர்கள் இந்த ஊருக்குக் குடியமர்த்தப்பட்டார்கள். வாதி மூசாவில் லயாத்னா, பைதா பக்கம் அம்மாரீன் என்று ஒவ்வொரு குடிக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. பள்ளத்தாக்கில் கடை போட்டிருக்கும் பெண்ணுக்கு அந்த இடம் பிறந்த வீடாகவே இருக்கலாம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சே மாறிவிடும்.

ஆள் நடமாட்டமுள்ள குகைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். அஞ்சலட்டையும் கல்லும் விற்கும் சிறுவர்களிடம் எதுவும் வாங்க வேண்டாம். விற்பனை நடந்துகொண்டிருக்கும்வரை அவர்கள் பள்ளிக்குப் போக மாட்டார்கள். அந்தப் பணத்தைப் பெரியவர்களின் கடையில் செலவிடுங்கள். யாராவது இளைஞர் குகையில் இரவு தங்க அழைத்தால் மறுத்துவிடுங்கள், தனியாகப் போகும் பெண்கள் கட்டாயம் மறுக்க வேண்டும். பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை, ஏதாவது நேர்ந்தால் உதவிக்கும் ஆளிருக்காது.

வீட்டில் காப்பி கொடுத்தால் கோப்பை காலியானதும் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கோப்பையை இடவலமாக லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

லிட்டில் பெட்ரா எனப்படும் சிறிய நபாத்தியர் குடியிருப்பு வாதி மூசாவிலிருந்து 8, 9 கிலோமீட்டர். கட்டணமில்லை. ஒரு குகை அறையின் கூரையில் திராட்சைக் கொடியும் பறவைகளுமாக நபாத்தியர் தீட்டிய ஓவியம் இன்னும் இருக்கிறது. ஃபிளாஷ் போடாமல் பாருங்கள். வந்தவர்கள் அதோடு வண்டி ஏறிவிடுகிறார்கள். கொஞ்சம் நடந்தால் பைதாவில் சுமார் 9,000 ஆண்டு பழைமையான புதிய கற்கால ஊரின் வட்டவட்டமான வீட்டு அடித்தளங்கள் உள்ளன. நபாத்தியருக்கு ஏழாயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே ஊர் இருந்திருக்கிறது. இங்கிருந்து அத்-தைருக்குப் பின்வழி நடைபாதை ஒன்றும் உண்டு. போக நினைப்பவர்கள் வாதி மூசா வாசலில் முதலிலேயே டிக்கெட் எடுத்திருக்க வேண்டும், வழிகாட்டி இல்லாமல் கிளம்பக் கூடாது.

ஜபல் ஹாரூன் மலையுச்சியில் வெள்ளைக் குவிமாடத்தோடு தெரிவது ஹாரூன் நபியின், கிறித்தவர்கள் சொல்லும் ஆரோனின், நினைவிடம். அது வழிபாட்டு இடம், சுற்றுலாக் காட்சியிடமாக எண்ணிப் போக வேண்டாம். போய்வர ஒரு முழு நாள் ஆகும்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டிறைச்சியும் தயிர்க் குழம்பும் சேர்ந்த மன்சஃப் சோற்றிலிருந்து இறைச்சியை மட்டும் ஒதுக்கினால் சைவமாகிவிடாது, அந்தச் சோறே இறைச்சிச் சாற்றோடு பரிமாறப்படுவது. பருப்பு சூப்பிலும் கோழிச்சாறு சேர்ந்திருக்கலாம், கேட்டுவிடுங்கள். கொண்டைக்கடலை விழுதான ஹம்மஸ், வடை போன்ற ஃபலாஃபல், அவரை வகைக் கொட்டையை வேகவைத்த ஃபூல், சுட்ட கத்தரிக்காய் முதபல், ரொட்டி இவற்றை நம்பிச் சாப்பிடலாம். பள்ளத்தாக்குக்குள் உணவு விலை அதிகம், தெரிவும் குறைவு. காலையில் வாதி மூசாவில் ஃபலாஃபல் ரொட்டி கட்டி வாங்கிக்கொண்டு இறங்குங்கள். 1, 5 தினார் நோட்டுகளாகச் சில்லறையும் இருக்கட்டும், உள்ளே 50 தினார் நோட்டை மாற்ற ஆள் கிடைப்பது கடினம்.