கொட்டகைச் சுவரில் இருந்தது உண்ணியின் வீடு

மருந்து தெளித்தால் மாட்டின் உடம்பில் இருக்கும் உண்ணி உதிர்ந்துவிடும். ஆனால் மாதம் திரும்புவதற்குள் காது மடலிலும் மடியிலும் மறுபடி ஏறிவிடும். மார்கழி, தையில் தொல்லை குறைவு. கோடை மழை விழுந்ததும் தாங்க முடியாது.

டார்ச் அடித்துச் சுவர் வெடிப்புகளைப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிய பெண் உண்ணிகள் உள்ளே பதுங்கியிருந்தன. பக்கத்திலேயே பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று முட்டைக் குவியல். ஒரு பெண் உண்ணி 2000, 3000 முட்டைகூட இடும். வெயிலோடு ஈரப்பதமும் சேர்ந்தால் மூன்று வாரம் போலப் பொரிந்துவிடும். குளிரில் அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

அதனால் பங்குனியிலேயே வேலையைத் தொடங்கினோம். மாடுகளை வெளியே கட்டிவிட்டு, வெடிப்புகளைச் சுரண்டி, தீச்சுவாலை பீய்ச்சும் கருவியால் சுவரைச் சுட்டோம். எங்களுடையது சிமென்ட் ஷீட் கூரை. ஓலைக் கூரை என்றால் இதைச் செய்யவே கூடாது. அப்புறம் வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்து, சுண்ணாம்பு அடித்தோம். கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் மாட்டுக்கும் சுவருக்கும் ஒரே நாளில் மருந்து தெளித்தோம். மிச்ச முட்டைகள் பொரிந்து வரும் என்பதால், மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை.

அந்தக் கோடை மழைக்குப் பிறகு அங்கொன்று இங்கொன்றுதான் கண்ணில் பட்டது. கன்றுகளின் காதுக்குள் மட்டும் இப்போதும் அடிக்கடி விரல் விட்டுப் பார்க்கிறோம்.