பக் யாருடையது? பேட்சைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

ஒரு மென்பொருள் பக் (பிழை) காரணமாக மக்கர் செய்தால், அதை எழுதியவர்களிடம், அதாவது மூலத் திட்டத்திடம், போவதற்கு முன் நம் டிஸ்ட்ரோ (மென்பொருள்களைத் தொகுத்துத் தரும் லினக்ஸ் வகை) பேட்ச் எனப்படும் நிரல் மாற்றங்களால் அதில் கை வைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் வைத்திருக்கும். டெபியன் 12 என்ற டிஸ்ட்ரோவில் உள்ள ஓப்பன்எஸ்எஸ்எச்சை (தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருள்) வைத்தே சொல்கிறேன்.

முதலில் பதிப்பு எண், உதாரணமாக 9.2பி1-2+டெப்12யூ3. கடைசி ஹைஃபனுக்கு முன்னால் இருப்பது மூலத் திட்டத்தின் எண், பின்னால் இருப்பது டெபியன் தன் வேலைக்குப் போட்டுக்கொண்டது.

அப்புறம் மூலநிரலை இறக்குங்கள். மென்பொருள்களை நிறுவும் கருவியான ஆப்ட்டின் பட்டியலில், மூலநிரல் கிடைக்கும் இடத்தைச் சொல்லும் ‘டெப்-எஸ்ஆர்சி’ வரி இருக்க வேண்டும். டிபிகேஜி-டெவ் பொதியும் வேண்டும். ‘ஆப்ட் சோர்ஸ் ஓப்பன்எஸ்எஸ்எச்’ என்று கொடுத்தால் போதும், ரூட் (நிர்வாகி) ஆக வேண்டியதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: விரியும்போதே பேட்ச்கள் எல்லாம் ஏறிவிடும். ஆகவே கண்ணில் படும் நிரல் மூலத் திட்டத்தின் நிரல் அல்ல.

‘டெபியன்’ அடைவுக்குள் ‘பேட்சஸ்’, அதற்குள் ‘சீரீஸ்’ கோப்பு. பேட்ச்கள் ஏறும் வரிசை அதில் இருக்கும். ஒவ்வொரு பேட்சின் தலைப்பிலும் ‘ஃபார்வர்டட்’ வரி இருந்தால் அதைத்தான் நான் முதலில் படிப்பேன். மூலத் திட்டத்துக்கு அனுப்பினார்களா, அனுப்பத் தேவையில்லை என்று விட்டார்களா என்பது அங்கே தெரியும். பாதையை மாற்றுவது, கையேட்டைத் திருத்துவது போன்றவற்றை ஒரு பார்வையில் தாண்டிவிடலாம். நடத்தையை மாற்றுபவைதான் முக்கியம்.

‘சிஸ்டம்டி-ரெடினெஸ்’ என்ற பேட்ச் அப்படிப்பட்டது. சேவை தயாராகிவிட்டது என்று சிஸ்டம்டிக்கு (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) சொல்வதுதான் அதன் வேலை. ஆனால் அதற்காக லிப்சிஸ்டம்டி என்ற நிரலகத்தை இணைத்தார்கள்; அதன் வால் பிடித்து எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் நிரலகமான லிப்எல்இசட்எம்ஏவும் உள்ளே வந்தது. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் பின்கதவு எஸ்எஸ்எச் வரை எட்டியது இந்த வழியில்தான். மூல ஓப்பன்எஸ்எஸ்எச்சில் அந்த இணைப்பே கிடையாது. 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்திலிருந்து டெபியன் நீக்கிய ஓரிரு வரிகள் இன்னும் மோசம்: 2008 வரை அங்கே உருவான மறையாக்கச் சாவிகள் எளிதில் ஊகிக்கக் கூடியவையாகிவிட்டன. இதற்காக டெபியனைக் குறை சொல்ல மாட்டேன். பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவருவதும் இதே பேட்ச்கள்தான்.

ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோவில், பொதியைக் கட்டும் விதத்தைச் சொல்லும் ‘ஸ்பெக்’ கோப்பில் ‘பேட்ச்’ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள், அவ்வளவுதான்.

சந்தேகம் தீரவில்லையா? மூலத் திட்டத்தின் அதே பதிப்பைத் தனி மெய்நிகர் கணினியில் கட்டி, அதே அமைப்புக் கோப்புடன் ஓட்டுங்கள். அங்கேயும் பக் வந்தால், புதிய வெளியீட்டிலும் ஒருமுறை பார்த்துவிட்டு மூலத் திட்டத்துக்கு எழுதுங்கள். வராவிட்டால் ‘ரிப்போர்ட்பக்’ என்ற கருவி வழியாக டெபியனுக்கு. பதிப்பு எண்ணை வாலோடு முழுசாகக் கொடுங்கள்.