முதல் மினியேச்சருக்கு பெயின்ட் அடிப்பது எப்படி: எல்லாம் தண்ணீர்க் கணக்கு

மேசைப் போர் விளையாட்டானாலும் ரோல்பிளே விளையாட்டானாலும், அதில் நகர்த்தும் பொம்மை வீரன், அதாவது மினியேச்சர், பெரும்பாலும் 28 அல்லது 32 மி.மீ. உயரம்தான் இருப்பான். இவ்வளவு சின்ன உருவத்துக்கு பெயின்ட் அடிக்க நடுங்காத கை வேண்டுமே என்றுதான் புதிதாக வருபவர்கள் தயங்குகிறார்கள். கை பழகிக்கொள்ளும். முதலில் பழக வேண்டியது தண்ணீர். பெயின்டில் எவ்வளவு, பிரஷில் எவ்வளவு, காற்றில் எவ்வளவு ஈரம்: முதல் மினியேச்சர் கெட்டுப்போவது அநேகமாக இந்த மூன்றில் ஒன்றால்தான். அதனால் ஒவ்வொரு படியிலும் தண்ணீரைக் கவனித்தபடியே போவோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வாள்வீரனை வைத்துக்கொள்வோம். சிவப்பு மேலங்கி, தோல் வார், இரும்பு வாள், முகம், கைகள்.

வாங்க வேண்டியவை

நீரில் கரையும் அக்ரிலிக் மினியேச்சர் பெயின்டில் ஏழு நிறம் போதும்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு, தோல் நிறம், வெள்ளி. இவற்றோடு பள்ளங்களில் நிழல் காட்டும் நீர்த்த நிறமான வாஷ் இரண்டு: பழுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. கைவேலைக் கடைகளில் குழாயில் கிடைக்கும் மலிவு அக்ரிலிக்கை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். அதன் நிறத்தூள் பெரும்பாலும் பருமனாக இருக்கும். நிறம் பிடிக்க மூன்று நான்கு பூச்சு தேவைப்படும். அதற்குள் முகத்தின் மூக்கும் வாயும் மொழுகிப் போய்விடும்.

பிரஷ் மூன்று. நுனி கூராக நிற்கும் வட்டப் பிரஷ் 1 அல்லது 2ஆம் எண்ணில் ஒன்று, வாஷுக்கும் உலோக நிறத்துக்கும் பழைய பிரஷ் ஒன்று, டிரை பிரஷுக்கு (ஏறக்குறைய வறண்ட பிரஷால் மேடுகளில் உரசும் முறை) மென்மையான சிறு ஒப்பனைப் பிரஷ் ஒன்று. நுணுக்க வேலைக்கென்று 000 எண் பிரஷ் வாங்கத் தோன்றும். வேண்டாம். அவ்வளவு மெல்லிய பிரஷில் பெயின்ட் துளிகூடத் தங்காது. மினியேச்சரைத் தொடுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும். நுனி ஒழுங்காக இருந்தால் 1ஆம் எண் பிரஷிலேயே கண்கூட வரையலாம்.

தண்ணீருக்கு இரண்டு குவளை. ஒன்று சாதாரண நிறங்களுக்கு, இன்னொன்று உலோக நிறத்துக்கு மட்டும். வெள்ளி, தங்க பெயின்டில் மினுக்கும் துகள்கள் இருக்கின்றன. ஒரே குவளையில் கழுவினால் அடுத்து அடிக்கும் சிவப்பு அங்கியிலும் அவை மினுங்கும். பிறகு அவற்றை எடுக்க வழியில்லை.

படி 1: கழுவி, சுரண்டி, ஒட்டுவது

ரெசினில் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) வார்த்த உருவங்களில் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரத் தடவிய வழுக்குப் பொருள் மிச்சம் இருக்கும். அதன்மேல் பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பிடிக்காது; நகம் பட்டாலே உரியும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். சுடுநீர் வேண்டாம், மெல்லிய வாள் வளைந்துவிடும். கழுவியதும் உடனே அடுத்த வேலைக்குப் போகாமல் இரவு முழுக்க உலர விடுங்கள். மடிப்புகளுக்குள் நிற்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாது.

அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் உருவத்தின் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடும். கத்தியின் முதுகை அதன்மேல் வைத்து, வெட்டாமல் சுரண்டி எடுங்கள். இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். இப்போது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு, வாஷ் அடித்ததும் கறுப்பாக எடுத்துக் காட்டும். ரெசினைத் தேய்ப்பதானால் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேயுங்கள். அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஒட்டும்போது பொருளைப் பாருங்கள். கெட்டியான பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமென்ட். அது இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். ரெசின், உலோகம் இரண்டிலும் அது வேலை செய்யாது. அவற்றுக்கு சூப்பர் க்ளூ.

படி 2: பிரைமர்

அக்ரிலிக் பெயின்ட் வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் நேரடியாக நிற்காது. பிடிமானம் தருவதே பிரைமரின் வேலை. முதல் உருவத்துக்குச் சாம்பல் நிறம் எடுங்கள். கறுப்பின்மேல் சிவப்பு ஏறவே ஏறாது. வெள்ளையின்மேல் விட்டுப்போன இடமெல்லாம் பல்லிளிக்கும்.

ஸ்ப்ரே டப்பாவை 2 நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். திறந்தவெளியில், முகக்கவசம் போட்டு, 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து அடியுங்கள். உருவத்துக்கு வெளியே தொடங்கி, அதைத் தாண்டிப்போய் நிறுத்தும் குறுகிய வீச்சுகளாக இருக்கட்டும். ஒரே சுற்றில் முழுவதும் மூட நினைக்க வேண்டாம். இரண்டு மெல்லிய சுற்று, நடுவில் 10 நிமிடம்.

காற்றின் ஈரம் இங்கேதான் கணக்கில் வருகிறது. மழை நாளிலும் புழுக்கமான மாலையிலும் ஸ்ப்ரே சரியாகக் காயாது. மேற்பரப்பு மங்கலாகவோ பிசுபிசுப்பாகவோ நின்றுவிடும். கொளுத்தும் வெயிலில் எதிர்மாறாக, துளிகள் உருவத்தை அடையும் முன்பே காற்றில் காய்ந்து மணல் போல ஒட்டும். நிழலும் வறட்சியும் உள்ள காலை நேரம் நல்லது. அது வாய்க்காவிட்டால் பிரஷால் பூசும் பிரைமர் கிடைக்கிறது. மெல்லியதாக இரண்டு பூச்சு பூசி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

காய்ந்ததும் உருவத்தை ஒரு பழைய மாத்திரைப் புட்டியின் மூடிமேல் ஒட்டும் களிமண்ணால் நிறுத்திக்கொள்ளுங்கள். இனி புட்டியைத்தான் பிடிக்க வேண்டும். விரல் எண்ணெயும் வியர்வையும் காயாத பெயின்டைத் தேய்த்து எடுத்துவிடும்.

படி 3: வெட் பேலட்

பெயின்டை வைத்துக் கலக்கும் தட்டுதான் பேலட்; வெட் பேலட் அதை ஈரமாகவே வைத்திருக்கும். இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும், வேலை பாதியாகக் குறையும். மூடியுள்ள தட்டையான டப்பாவில் மெல்லிய ஸ்பாஞ்ச் விரித்து, அது முழுக்க நனையும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். மேலே பேக்கிங் தாளை வைத்து, அடியில் காற்றுக்குமிழ் இல்லாமல் விரலால் நீவுங்கள். மெழுகுத்தாள் உதவாது, ஏனென்றால் அது நீரை மேலே விடாது. பேக்கிங் தாள் வழியே ஈரம் மெதுவாகக் கசிந்து வருவதால், தாள்மேல் வைத்த பெயின்ட் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும்.

தாள்மேல் நீர் தேங்கினால் வடித்துவிடுங்கள். வைத்த துளி தானாகவே பரவிக்கொண்டு போனால் தண்ணீர் அதிகம் என்று பொருள். வாஷையும் உலோக நிறத்தையும் இதில் வைக்க வேண்டாம், அவற்றுக்கு ஒரு பீங்கான் தட்டு போதும். சில நாள் மூடியே வைத்தால் பூஞ்சை வாடை வரும். ஸ்பாஞ்சைக் கழுவி நீரை மாற்றுங்கள்.

படி 4: அடிநிறம்

மொத்தக் கலையும் இந்தப் படியில் இருக்கிறது. இங்கே அவசரப்படாதீர்கள்.

புட்டியிலிருந்து நேரடியாக எடுத்து அடிக்கவே கூடாது. பேலட்டில் பெயின்ட் 2 துளி, தண்ணீர் 1 துளி என்று தொடங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி, ஏன் நிறத்துக்கு நிறம் கெட்டித்தன்மை மாறும். ஆகவே இந்த 2:1 ஆரம்பம் மட்டுமே. முடிவு சொல்வது உங்கள் கட்டைவிரல் நகம். நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பிரஷ் மயிரின் தடம் வரிவரியாகத் தெரிந்தால் கெட்டி. நகத்தின் ஓரத்துக்கு ஓடிப்போய்த் தேங்கினால் தண்ணீர் கூடிவிட்டது. இழுத்த இடத்தில் கோடு அப்படியே நின்று, அடியில் நகம் லேசாகத் தெரிந்தால் சரி. காய்ச்சிய பாலின் பதம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, புதியவர்கள் பலருக்கும் யாரும் சொல்லாமல் போவது. பெயின்டில் இருக்கும் தண்ணீர் ஒன்று, பிரஷின் வயிற்றுக்குள் இருக்கும் தண்ணீர் இன்னொன்று. பேலட்டில் சரியாகக் கலந்திருப்பீர்கள். ஆனால் குவளையில் கழுவிய பிரஷை அப்படியே பெயின்டில் தொட்டு உருவத்தில் வைத்தால், மயிருக்குள் நின்ற நீர் முழுவதும் இறங்கி வழிந்துவிடும். கழுவியதும் ஒருமுறை டிஷ்யூவில் ஒற்றுங்கள். பெயின்டைத் தொட்ட பிறகும் ஒருமுறை பக்கவாட்டில் லேசாக ஒற்றி, நுனியைச் சுழற்றிக் கூராக்கிக்கொண்டு உருவத்துக்குப் போங்கள். அநேக வழிசல்கள் இந்த இரண்டாவது ஒற்றலில் நின்றுவிடும்.

பிரஷ் மயிரில் பாதிக்குமேல் பெயின்ட் ஏற விடக்கூடாது. மயிரைப் பிடித்திருக்கும் உலோகக் கழுத்துக்குள் பெயின்ட் போய்க் காய்ந்தால், மயிர் விரிந்து பிரஷ் இரண்டாகப் பிளக்கும்.

உள்ளேயிருந்து வெளியே வாருங்கள்: முதலில் முகமும் கைகளும், பிறகு அங்கி, பிறகு தோல் வார், கடைசியில் வாள். சட்டை போடும் வரிசையேதான். உள்ளே அடித்தபோது வெளியே பட்டது அடுத்த நிறத்தில் மறைந்துவிடும். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கெட்டியாக அள்ளி அப்பத் தோன்றும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 5 முதல் 10 நிமிடம் காய்ந்தபின் இரண்டாவது மெல்லிய பூச்சு அதைச் சமன் செய்யும். சிவப்புக்கு மூன்றாவதும் தேவைப்படலாம். சிவப்பும் மஞ்சளும் இயல்பிலேயே மூடும் சக்தி குறைந்த நிறங்கள். சிவப்புக்கு அடியில் பழுப்பு ஒரு பூச்சு கொடுத்தால் பின்னால் ஒரு பூச்சு மிச்சம்.

பாதி காய்ந்த பெயின்டைத் தொடாதீர்கள். மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். பிரஷ் பட்டால் அந்தத் தோல் கிழிந்து சுருளும். தவறு தெரிந்தால் அதே நொடியில் ஈர பிரஷால் துடைத்தெடுங்கள். அந்த நொடி தவறினால் முழுதும் காயும்வரை காத்திருங்கள்.

படி 5: வாஷ்

வாஷ் என்பது பள்ளங்களைத் தேடி ஓடும்படி செய்யப்பட்ட நீர்த்த நிறம். உடல் தோல், சிவப்பு அங்கி, வார் மூன்றுக்கும் பழுப்பு, வாளுக்குக் கறுப்பு. தண்ணீர் சேர்க்காமல், புட்டியை நன்றாகக் குலுக்கி எடுங்கள். முழு உருவத்தையும் ஒரே மூச்சில் முக்காமல், அங்கியின் முதுகு, இடக்கை என்று பகுதி பகுதியாகப் பூசுங்கள். பூசிய கையோடு சுத்தமான, ஒற்றியெடுத்த பிரஷின் நுனியைத் தேங்கிய இடத்தில் வையுங்கள்; அது உறிஞ்சிக்கொள்ளும். அங்கியின் கீழ் விளிம்பிலும் முகவாயின் அடியிலும்தான் அதிகம் தேங்கும்.

தட்டையான இடத்தில் தேங்கிய வாஷ் ஓரத்திலிருந்து காயும். காயும்போது நிறத்தூளை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். மேசைமேல் சிந்திய காபி காய்ந்தால் விளிம்பில் வளையம் நிற்குமே, அதேதான். வந்துவிட்டால் அதன்மேல் மறுபடி வாஷ் பூசிப் பயனில்லை. அடிநிறத்தை அந்த இடத்தில் மட்டும் திரும்பப் பூசுங்கள். குறைந்தது 30 நிமிடம் காய விடுங்கள். முடி உலர்த்தியை வைத்து அவசரப்படுத்தினால் காற்று வாஷைத் தள்ளிக்கொண்டு போய் வேறிடத்தில் தேக்கும்.

படி 6: மேடுகளைத் தூக்கிக் காட்டுவது

வாஷ் காய்ந்ததும் உருவம் அழுக்காகத் தெரியும். பலர் இந்த இடத்தில் மனம் விட்டு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த அரைமணியில் அது மாறிவிடும்.

அங்கியின் மேடான மடிப்புகளில் மட்டும் அதே சிவப்பைத் திரும்பப் பூசுங்கள், பள்ளத்தைத் தொடாமல். பிறகு சிவப்பு 2 பங்கு, ஆரஞ்சு 1 பங்கு கலந்து மடிப்பின் உச்சிகளில் மெல்லிய கோடு. சிவப்பை வெளிறவைக்க வெள்ளையைக் கலந்தால் ரோஜா நிறமாகிவிடும். தோலுக்கு மட்டும் துளி வெள்ளை கலக்கலாம்: மூக்கு நுனி, கன்ன எலும்பு, விரல் மூட்டு. விளிம்புகளுக்குப் பிரஷின் நுனியைவிடப் பக்கவாட்டு நல்லது. விளிம்பின்மேல் படுக்கவைத்து இழுத்தால் விளிம்பே கோட்டை நேராக்கிவிடும்.

நிற வேறுபாட்டைக் கொஞ்சம் மிகையாகவே வையுங்கள். கண்ணருகே பிடித்துப் பார்த்தால் முரட்டுத்தனமாகத் தோன்றும். ஆட்டத்தில் இவனைப் பார்ப்பது கையெட்டும் தூரத்துக்கும் அப்பாலிருந்து. அங்கிருந்து பார்க்கும்போது மென்மையான நிறமாற்றம் எதுவும் தெரியாது. இருளும் ஒளியும் மட்டுமே தெரியும். இதே காரணத்தால் முதல் சில உருவங்களுக்குக் கண் வரையாமல், குழியில் வாஷின் நிழலை மட்டும் விட்டுவிடுவது என் பரிந்துரை. பிதுங்கி நிற்கும் வெள்ளைக் கண்ணைவிட நிழல் விழுந்த கண் எவ்வளவோ மேல்.

படி 7: பீடம், வார்னிஷ்

வெள்ளைப் பசையில் சிறிது நீர் கலந்து பீடத்தில் பூசி, மணலில் அமுக்குங்கள். மறுநாள் பழுப்பு அடித்து, வாஷ் கொடுத்து, டிரை பிரஷ் செய்யுங்கள். வெளிர் நிறத்தைத் தொட்டு, டிஷ்யூவில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாதபடி துடைத்துவிட்டு மணலின் முகடுகளில் உரசுவதுதான் டிரை பிரஷ். இந்த ஒரு வேலைக்குப் பிரஷ் வறண்டே இருக்க வேண்டும். சற்று முன் கழுவிய பிரஷ் என்றால் முகட்டில் நிற்காமல் பள்ளத்தில் வழியும். பீடத்தின் ஓரத்துக்குக் கறுப்பு.

24 மணி நேரம் கழித்து மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் என்ற பாதுகாப்புப் பூச்சு, மெல்லியதாக இரண்டு சுற்று. பிரைமருக்குச் சொன்ன காற்றீரம் இங்கே இன்னும் கண்டிப்பானது. புழுக்கத்தில் அடித்த மேட் வார்னிஷ் வெள்ளைப் பனி போல உறைந்து, செய்த வேலை முழுவதையும் மூடிவிடும். சந்தேகமான வானிலையாக இருந்தால் அன்றைக்கு அடிக்காதீர்கள், அல்லது பிரஷால் பூசும் வார்னிஷ் எடுங்கள். வாளின் பளபளப்பு மங்கிவிட்டதா? அதன்மேல் மட்டும் பளபள வார்னிஷை ஒரு பிரஷ் தொட்டுத் தடவினால் திரும்பி வரும்.

பீடத்தில் ஒட்டும் புல் கொத்துகளை எல்லாம் முடிந்து வார்னிஷ் காய்ந்த பிறகே ஒட்டுங்கள். முன்னால் ஒட்டினால் வார்னிஷ் பட்டு விறைத்து நிற்கும்.