கையால் செய்த அபூர்வ எலெக்ட்ரிக் கிட்டார்: மதிப்பிடக் கற்றுக்கொள்வோம்

உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காக ஒரு கிட்டாருக்கு விலை வந்துவிடாது. பெயர் தெரியாத ஒருவர் தன் வீட்டுப் பட்டறையில் ஆசையாகச் செய்த கிட்டாரும் ஒன்றே ஒன்றுதான். அதை விற்கப் போனால் மரத்துக்குப் போட்ட காசு கூடத் தேறாது. செய்தவர் யார் என்று நிரூபிக்க முடிய வேண்டும், அவருடைய கைவேலைக்கு வாங்க ஆள் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலை.

கிட்டார் கைவினைஞர் டோனி செமைடிஸின் கிட்டார்களை வைத்து இதைப் படிப்படியாகப் பார்ப்போம். லித்துவேனிய வம்சாவளியைச் சேர்ந்த அவர் 1935இல் லண்டனில் பிறந்தார். மரச்சாமான் செய்யும் தொழிலில் பயிற்சி பெற்று, பிறகு கிட்டார் பக்கம் வந்தார். ராக் இசைக் கலைஞர்கள் ரானி வுட், கீத் ரிச்சர்ட்ஸ், ஜார்ஜ் ஹாரிசன் எல்லாரும் அவரிடம் வாங்கியிருக்கிறார்கள். 2000இல் ஓய்வு பெற்று 2002இல் காலமானார். இனி அவர் கையால் புதிதாக ஒன்று வரப்போவதில்லை.

படி 1: பெயரையும் கையையும் பிரித்துப் பாருங்கள்

ஹெட்ஸ்டாக்கில், அதாவது தந்திகளை முறுக்கும் தலைப்பகுதியில், 'செமைடிஸ்' என்று இருந்தால் அது டோனி செய்தது என்று பொருள் அல்ல. அவர் மறைவுக்குப் பிறகு ஜப்பானின் காண்டா ஷோகாய் நிறுவனம் உரிமம் பெற்று அதே பெயரில் கிட்டார்களைக் கொண்டுவந்தது. அவை நல்ல கிட்டார்கள்தான், முறையாகச் செய்யப்பட்டவைதான். ஆனால் இரண்டின் விலைக்கும் சம்பந்தமே இல்லை. போதாக்குறைக்குப் போலிகளும் சந்தையில் உண்டு. எனவே முதல் கேள்வி எப்போதும் இதுதான்: இது யார், எங்கே, எந்தக் காலத்தில் செய்தது?

படி 2: கைவேலையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. செமைடிஸின் புகழுக்குக் காரணம் உடலின் முன்பக்கத்தை மூடும் உலோகத் தகடு. அழகுக்காக வந்த யோசனை அல்ல அது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் நுழையும் இரைச்சலைத் தடுக்கலாம் என்று செய்து பார்த்தது. தகட்டில் சித்திரம் செதுக்கியவர் டேனி ஓ'பிரையன், வேட்டைத் துப்பாக்கிகளில் செதுக்குவேலை செய்தவர்.

விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கொடிக்கோட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடருங்கள். உளி இறங்கும் இடத்தில் கோடு மெல்லியதாக இருக்கும், வளைவில் அகன்று ஆழமாகும், முடியும்போது மறுபடி மெலிந்து மறையும். பள்ளத்தின் சரிவில் ஒளி பளிச்சென்று வெட்டும். அமிலத்தாலோ லேசராலோ போட்ட கோடு அப்படி இருக்காது. அகலம் ஒரே மாதிரி இருக்கும், அடிப்பக்கம் தட்டையாக மங்கித் தெரியும். ஓர் அசல் தகட்டை நேரில் ஒருமுறை பார்த்துவிட்டால் கண் தானே பழகிவிடும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ், அவற்றின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸ் போன்ற உலோக உறுப்புகளிலும் அரம் போட்ட தடயத்தைத் தேடுங்கள்.

படி 3: பின்மூடியைத் திறந்து பாருங்கள்

உரிமையாளரின் அனுமதியோடுதான். வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே இருக்கும் பொட்டன்ஷியோமீட்டரின் முதுகில் பெரும்பாலும் எண் அச்சிட்டிருக்கும். அமெரிக்காவின் சிடிஎஸ் நிறுவனத்துடையது என்றால் 137 என்று தொடங்கும். 1377125 என்றிருந்தால் 1971ஆம் ஆண்டின் 25ஆவது வாரம். உறுப்பு கிட்டாரைவிடப் பழையதாக இருக்கலாம், பட்டறையில் கிடந்திருக்கும். கிட்டாரைவிடப் புதியதாக இருந்தால், ஒன்று பின்னாளில் மாற்றியிருக்கிறார்கள், அல்லது கிட்டாரின் வயதே பொய். சால்டரிங் மங்கலாகப் பழுத்திருக்கிறதா, நேற்று வைத்ததுபோல் மின்னுகிறதா என்பதையும் பாருங்கள்.

படி 4: என்னென்ன மாறியிருக்கிறது என்று எழுதுங்கள்

கிட்டாரின் கழுத்தில் (நெக்) குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளை மாற்றியிருந்தால் பெரிய குறை இல்லை. வாசித்தால் ஃபிரெட் தேயும், அவ்வளவுதான். பிக்கப் மாறியிருந்தால் பழையது பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். நெக்கோ ஹெட்ஸ்டாக்கோ உடைந்து ஒட்டியிருந்தால் விலை நன்றாகவே இறங்கும். மறுபடி வண்ணம் பூசியிருந்தால் மதிப்பு ஏறக்குறையப் பாதி என்பது பழைய கிட்டார் வியாபாரத்தில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்தால் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும், புதிதாகப் பூசிய இடம் தனியாகத் தெரியும்.

படி 5: யார் கையிலிருந்து யார் கைக்கு

ரசீது, செய்தவர் எழுதிய கடிதம், பழைய மேடைப் புகைப்படம் எல்லாவற்றையும் கேளுங்கள். மர ரேகையும் கீறலும் புகைப்படத்தோடு ஒத்துப்போக வேண்டும். வெறும் வாய்ச்சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இதில் செய்தவரின் மதிப்பு வேறு, வாசித்தவரின் மதிப்பு வேறு. 'ஐவன் த டெரிபிள்' என்ற பெயருடைய செமைடிஸ் 12 தந்தி அகூஸ்டிக் (மின்சாரம் தேவைப்படாத) கிட்டார் 2004இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,53,900 டாலருக்குப் போனது. அது புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனுடையது. அந்த எண்ணை வைத்து வேறொரு செமைடிஸுக்கு விலை கேட்பவர் கிளாப்டனின் பெயருக்கும் சேர்த்து உங்களிடம் காசு கேட்கிறார்.

படி 6: விற்ற விலையைத் தேடுங்கள்

இணையத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளைப் பாருங்கள். அதிலும் கவனம் தேவை. அதே ஏலத்தில் கிளாப்டனின் 'பிளாக்கி' என்ற கிட்டாருக்கு 8,50,000 டாலரில் ஏலச் சுத்தியல் விழுந்தது. வாங்குபவர் கட்டணமும் சேர்ந்து 9,59,500 ஆனது. விற்றவர் தரப்புக் கணக்கு தொடங்குவது முதல் எண்ணில். ஒப்பிடும்போது இரண்டையும் கலந்துவிடாதீர்கள். தகடு பொருத்திய கிட்டாரைத் தகடு பொருத்தியதோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

படி 7: மரத்தின் காகிதம்

வெளிநாட்டிலிருந்து வாங்குவதாக இருந்தால் பணம் கட்டும் முன்பே மரம் என்னவென்று கேளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த மரம் இருக்கும் கிட்டார் எல்லை தாண்ட அனுமதிச் சான்று வேண்டும். தந்தம், ஆமை ஓடு பதித்திருந்தாலும் இதே சிக்கல். சான்றை யார் எடுப்பது என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் அனுப்புங்கள்.