நியூரம்பர்க் கணக்கு வில்லை: அடையாளம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஐரோப்பிய நாணயங்களோடு கலந்து, மெல்லிசாக, மஞ்சள் நிறத்தில் ஒரு பித்தளை வில்லை அடிக்கடி கைக்கு வரும். ஒரு பக்கம் நடுவில் ரோஜா, அதைச் சுற்றி மூன்று கிரீடங்களும் மூன்று அல்லிப் பூக்களும் மாறி மாறி. மறுபக்கம் உச்சியில் சிலுவை வைத்த உருண்டை. கிரீடத்தைப் பார்த்ததும் ஏதோ ராஜா வெளியிட்ட காசு என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது காசே இல்லை. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரப் பட்டறைகள் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அடித்து, ஐரோப்பா முழுக்க விற்ற கணக்கு வில்லை. கோடு போட்ட பலகையிலோ துணியிலோ இவற்றை நகர்த்திக் கணக்குப் போட்டார்கள். ஒரு கோடு ஒன்றுக்கு, அடுத்தது பத்துக்கு, அதற்கடுத்தது நூறுக்கு. கோடுகளுக்கு இடையில் வைத்தால் ஐந்து, ஐம்பது. வில்லைக்கென்று தனி மதிப்பு கிடையாது, வைக்கும் இடம்தான் மதிப்பு. அதனால் அதில் தொகையைத் தேடாதீர்கள்.

விளிம்பில் இருப்பது பெரும்பாலும் செய்தவரின் பெயர். ஹன்ஸ் கிரௌவிங்கெல் என்ற பெயர் நிறையத் தென்படும். 'யு' வர வேண்டிய இடத்தில் 'வி' பொறித்திருப்பார்கள். இது தெரியாவிட்டால் நியூரம்பர்க் என்ற ஊர்ப்பெயரே கண்ணில் படாமல் போகும். மறுபக்கத்தில் 'கடவுளின் ஆசி செல்வம் தரும்' என்பது போன்ற ஜெர்மன் வாசகம் இருக்கும். பெயர் கிடைத்ததும் ஆண்டைக் குறித்துவிட வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு தலைமுறை தொழில் செய்ததுண்டு. இரண்டாம் ஹன்ஸ் மட்டுமே 1586 முதல் 1635 வரை பட்டறை நடத்தினார்.

சில வில்லைகளில் எழுத்துகள் எவ்வளவு முயன்றாலும் படிக்க வராது. அறியாத மொழியோ ரகசியக் குறியோ அல்ல. அலங்காரத்துக்காக அர்த்தமில்லாமல் பொறித்தவை, அவ்வளவுதான். பதினான்காம் லூயி முகம் இருந்தால் பிரெஞ்சு அரண்மனைப் பொருள் என்று நம்புவதும் அவசரம். வில்லை அடிக்கும் தொழிலிலிருந்த லௌஃபர் குடும்பம் அந்த முகத்தையும் நியூரம்பர்க்கிலேயே அடித்தது.

இங்கிலாந்தின் 13, 14-ஆம் நூற்றாண்டு வில்லைகளில் நடுவில் துளையோ குழியோ இருக்கும். யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று ஒதுக்காதீர்கள். அவற்றின் உருவம் வெள்ளிப் பென்னியை ஒத்தது. வெள்ளி பூசிக் காசாகத் தள்ளிவிடாமலிருக்கத்தான் அந்தக் குழி. ஓரத்தில் உள்ள துளை வேறு கதை, அது பெரும்பாலும் பின்னாளில் தொங்கவிடப் போட்டது.

அப்புறம், விக்டோரியா தலையும், பின்னால் குதிரைவீரனும், 1837 என்ற ஆண்டும் உள்ள பித்தளை வில்லை. சாவரின் எனும் பிரிட்டிஷ் தங்கக் காசு என்று நம்பி ஏமாறுபவர்கள் இன்றும் உண்டு. குதிரைவீரனுக்கு மேலே 'ஹானோவருக்கு' என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா பாருங்கள். விக்டோரியா பிரிட்டிஷ் அரியணை ஏறியபோது ஜெர்மனியின் ஹானோவர் அரசு அவருடைய சித்தப்பாவுக்குப் போனதைக் கிண்டல் செய்த வில்லை அது. சீட்டாட்டத்தில் புள்ளி எண்ணப் பயன்பட்டது. 1837 அந்த நிகழ்வின் ஆண்டு. வில்லையைப் பல பத்தாண்டுகள் கழித்தும் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

எதுவானாலும், பித்தளைக் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேற்படலம் போனால் மெல்லிய எழுத்துகளும் கூடவே போய்விடும், திரும்ப வராது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்து இரு பக்கமும் படமெடுங்கள். தேய்ந்த எழுத்துகூட நிழலில் எழுந்து நிற்கும். விட்டத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு, பிரிட்டனின் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் இணையத் தரவுத்தளத்தில் ஒப்பிடுங்கள். மண்ணில் கிடைத்த ஏராளமான நியூரம்பர்க் வில்லைகள் அங்கே படத்தோடு இருக்கின்றன.