துத்தநாக ஆக்சைடில் நைட்ரஜன்: காந்தம் எங்கிருந்து வருகிறது?

துத்தநாக ஆக்சைடு ஒரு டயா காந்தப் பொருள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் லேசாக விலகத்தான் பார்க்கும். அதன் மென்படலத்தில் இரும்பு, கோபால்ட் எதுவுமே சேர்க்காமல் நைட்ரஜனை மட்டும் புகுத்தினாலே ஃபெர்ரோ காந்தக் குணம் (இரும்பைப் போல, வெளிப்புலம் இல்லாமலும் காந்தமாக நிற்பது) தெரிவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அது எப்படி, எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

படி 1: எலக்ட்ரான் கணக்கு

ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள், நைட்ரஜனுக்கு 5. ஆக்சிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்தால் ஒன்று குறையும். அந்தக் குறைதான் துளை. நைட்ரஜனின் 2பி ஆர்பிட்டலில் (வெளிக்கூட்டில் எலக்ட்ரான் இருக்கும் இடம்) ஓர் எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும். கோட்பாட்டுக் கணக்கில் நைட்ரஜன் ஒன்றுக்குச் சுமார் 1 போர் மேக்னட்டான் (அணுவின் காந்தத் திறனை அளக்கும் அலகு) கிடைக்கும். ஆனால் தனித்தனியாக நின்றால் அது வெறும் பாரா காந்தம்தான், அதாவது வெளிப்புலம் இருக்கும்வரைதான் காந்தம். பக்கத்துத் துளைகளும் ஒரே திசையில் திரும்ப வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: இந்தப் பொருளில் இயல்பாகவே உபரி எலக்ட்ரான்கள் இருக்கும். அவை துளையை அடைத்துவிட்டால் காந்தமும் போச்சு.

படி 2: இரண்டு படலங்கள்

ஸ்பட்டரிங் முறையில் (அயனிகளால் மோதி அணுக்களைப் பெயர்த்துத் தகட்டில் படியவைப்பது), நைட்ரஜன் வாயு விட்டு ஒன்று, விடாமல் ஒன்று. மற்றதெல்லாம் அச்சு அசலாக ஒன்றாக இருக்கட்டும். ரொம்பச் சூடாக்கினால் நைட்ரஜன் வெளியேறிவிடும்.

படி 3: நைட்ரஜன் எங்கே உட்கார்ந்தது?

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் (கதிர் சிதறும் கோணத்தை வைத்துப் படிக அமைப்பை அறியும் முறை) 34.4 டிகிரி அருகே வரும் உச்சி சற்று நகரலாம். இதை நான் பெரிதாக நம்புவதில்லை; படலத்தின் இறுக்கத்தாலும் அது நகரும். எக்ஸ்-கதிர் பாய்ச்சி வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் எக்ஸ்-கதிர் ஒளி எலக்ட்ரான் நிறமாலைதான் கைகொடுக்கும். நைட்ரஜனின் உள்கூட்டு எலக்ட்ரானுக்குரிய 1எஸ் உச்சி 396–397 எலக்ட்ரான் வோல்ட்டில் வந்தால் அது துத்தநாகத்தோடு பிணைந்திருக்கிறது. 400-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வேறு வடிவத்தில் ஒட்டியிருக்கிறது.

படி 4: காந்த அளவீடு

ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் இது. படலம் 200 நானோமீட்டர், அடியில் இருக்கும் சஃபையர் தகடு 0.5 மில்லிமீட்டர் என்று வையுங்கள். தகடு 2500 மடங்கு தடிமன்! கருவி காட்டுவதில் பெரும்பகுதி தகட்டின் டயா காந்தம்தான். உயர் காந்தப் புலத்தில் வரும் நேர்கோட்டுச் சரிவை எடுத்து மொத்தத் தரவிலிருந்தும் கழியுங்கள். மிஞ்சும் தயக்கக் கண்ணியைத்தான் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கல் வேறு வேறு பாதையில் போவதால் வரும் வளையம்; ஃபெர்ரோ காந்தத்தின் அடையாளம்) பார்க்க வேண்டும்.

எனக்கு முதல் முறையே அழகான கண்ணி வந்தது. சந்தோஷம் ஒருநாள்கூட நிற்கவில்லை. படலமே இல்லாத வெறும் தகடும் அதே கண்ணியைக் காட்டியது. எஃகு இடுக்கியால் பிடித்ததில் ஒட்டிய இரும்புத் துகள்! அப்புறம் பிளாஸ்டிக் இடுக்கிதான்.

படி 5: ஒப்பிடுங்கள்

நைட்ரஜன் விடாத படலத்திலும் கண்ணி வந்தால் துத்தநாக வெற்றிடங்களை, அதாவது படிகத்தில் துத்தநாக அணு இல்லாமல் காலியாக இருக்கும் இடங்களைச் சந்தேகியுங்கள். அவையும் காந்தத்தைத் தரக்கூடும். சரி, அதில் வரவில்லையா? நைட்ரஜன் அளவை மாற்றி இன்னும் மூன்று நான்கு படலங்கள் செய்து, 397 உச்சியின் பரப்புக்கு எதிரே காந்தமாக்கலை வரைந்து, இரண்டும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பாருங்கள்.