பேர்போனதும் பேர் கெட்டதும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வீட்டில் இங்கிலீஷ்தான். மார்ச் 21 விடுமுறை முடிந்து ஒரு மாணவி கொண்டுவந்த கட்டுரை இப்படித் தொடங்கியது: "புகழ்பெற்ற ஷார்ப்வில் படுகொலை 1960இல் நடந்தது."

அந்த வருஷம் மார்ச் 21 அன்று, கறுப்பர்கள் எப்போதும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து ஷார்ப்வில் என்ற ஊரில் கூடியவர்களைப் போலீஸ் சுட்டது. அரசுக் கணக்கிலேயே 69 பேர் செத்தார்கள். இதற்குப் புகழா? கேட்டால், இங்கிலீஷில் படித்த 'இன்ஃபேமஸ்' (கெட்ட பேர் எடுத்தது) என்ற சொல்லுக்கு ரொம்ப ஃபேமஸ் என்று அர்த்தம் என நினைத்தாளாம். அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை. தமிழ்ப் பத்திரிகைகளே "பிரபல ரவுடி கைது" என்றுதானே போடுகின்றன! பக்கத்துப் பத்தியில் "பிரபல பாடகர்" இருப்பார். 'ஊரறிந்த ரவுடி' என்றால் போதுமே.

திருத்தி எழுதச் சொன்னேன். "அவப்பெயர் பெற்ற ஷார்ப்வில்" என்று வந்தது. இது இன்னும் மோசம். குண்டடி பட்ட ஊர் என்ன தப்பு செய்தது, கெட்ட பேர் எடுக்க? தமிழில் அவப்பெயர் என்று எழுதினால் 'யாருக்கு?' என்ற கேள்வி உடனே வரும். சுட்டவர்களுக்குத்தானே அது சேர வேண்டும்? "வெள்ளை அரசுக்குத் தீராப் பழி சேர்த்த ஷார்ப்வில் படுகொலை" என்று மாற்றினோம். ராபன் தீவுச் சிறையும் அப்படித்தான். மண்டேலா 18 வருஷம் அங்கே கிடந்தார். புகழ் உள்ளே இருந்தவர்களுக்கு, பழி பூட்டியவர்களுக்கு.

'பழி'யிலும் ஒரு வழுக்கல் உண்டு. நல்ல பேர் வாங்கலாம், கெட்ட பேரும் வாங்கலாம். அந்தத் தைரியத்தில் ஒரு பையன் "திருடிப் பழி வாங்கினான்" என்று எழுதிவிட்டான். திருட்டுக் கதை வஞ்சம் தீர்க்கும் கதையாகிவிட்டது! பழி வந்து சேரும், அல்லது அதை நாமே தேடிக்கொள்வோம். செய்யாததற்கு வந்தால் வீண்பழி. பொய்யைப் பரப்பினால்தான் அவதூறு. நிரூபணமான ஊழலைச் சொல்வது அவதூறாகாது.

பேர்போன என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். டர்பன் பன்னி சௌவுக்குப் பேர்போன ஊர் (பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது). இது பாராட்டுத்தான். "அவர் பேரே போச்சு" என்றால்தான் சங்கதி வேறு.

அவமானத்தையும் அவப்பெயரையும் பலர் குழப்புகிறார்கள். 1893 ஜூன் 7 இரவு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவமானம் அவருக்கு. அவப்பெயர் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவரையும் இங்கே 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள். நமக்கு உழைப்புக்குக் கிடைக்கும் காசு கூலி. இந்த மண்ணில் அது வசைச்சொல். போன மாதம் "மெய்வருத்தக் கூலி தரும்" என்ற குறளை வாசிக்கச் சொன்னபோது அதே மாணவி அந்தச் சொல்லை மட்டும் முழுங்கிவிட்டாள்.

"அதைச் சொல்லக்கூடாது டீச்சர். தாத்தாவை அப்படித்தான் கூப்பிட்டாங்களாம்."

பலகையில் 'கூலி = சம்பளம்' என்று எழுதிப் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முதல் அடியிலிருந்து வாசித்தாள்.